எண்பதுக்கு மேல் நிரை, தொண்ணூறுக்குக் கீழ் நிரை

கொலக்கம்பைப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு யார் புதிதாக வேலைக்கு வந்தாலும், முதல் நாளே ஜெஸிந்தாக்கா ஒரு செய்தி சொல்லிவிடுவார். தமிழ் சினிமா எண்பதுகளோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இடைவேளையில் போடுகிற விளம்பரம். இதைச் சொல்லத் தனக்குத் தகுதி உண்டு என்பார். அவரும் எண்பதுகளில் நடித்தவர்தானே.

நடித்தது முதுகு. அவருக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் மலையில் ஒரு பாட்டுக்குப் படம் பிடிக்க வந்தார்கள். பின்னால் கூடையோடு நடக்க தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். அந்தக் குளிரில் கதாநாயகிக்கு ஒரு மெல்லிசுப் புடவை, கதாநாயகனுக்கு மட்டும் கழுத்து மூடிய ஸ்வெட்டர். அந்தப் பாட்டில், இடது ஓரத்தில், சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு சடை போகும். கண் சிமிட்டினால் போச்சு. டிவியில் அது வரும் நாட்களில் ஜெஸிந்தாக்கா வீட்டில் அடுப்பில் இருப்பது தீய்ந்துபோகும்.

நான் தேவி. தொண்ணூறுகள் கட்சி. பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுக் குன்னூர் தியேட்டரில் நான் அழுததும் சிரித்ததும் தொண்ணூறுகளில்தான். அதை யாராவது விளம்பரம் என்றால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காலையில் நிரையில் இறங்கியதும் ஆரம்பிப்போம். ஆளுக்கொரு செடி வரிசை, கையில் கத்திரி, தோளில் பை. நல்ல நடிகர் யார், நல்ல அழுகை யாருடையது, வில்லன் சிரித்தால் எந்தக் காலத்தில் பயமாக இருந்தது என்று கொழுந்து விழ விழப் பேச்சும் விழும்.

போன மழைக்காலத்தில் எங்கள் மேஸ்திரி ஓய்வு பெற்றார். மேஸ்திரி என்றால் ஆட்களுக்கு நிரை பிரித்துக் கொடுத்து, எல்லையில் நின்று, செடி பாழாகாமல் பார்த்துக்கொள்கிறவர். எங்கள் தோட்டத்தில் அதுவரை பெண் மேஸ்திரி இருந்ததில்லை. ஜெஸிந்தாக்கா போய்க் கேட்டார். அவருக்கு முழங்கால் போய்விட்டது. ஈரக் கொழுந்து நிறைந்த பையோடு மேடேறும்போது ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடிப்பார். இந்த வேலை கிடைக்காவிட்டால் வேலையே விட்டுவிட வேண்டியதுதான் என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். அன்றைக்கு நான் தொண்ணூறுகளைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஃபீல்டு ஆபீசர் விமல், வயதில் சின்னவர், யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் பாருங்க. ஆனா ஒண்ணு, நிரையில சினிமா பேசக்கூடாது. நீங்க பேசுனா எல்லாரும் பேசுவாங்க, வேலை கெடும்" என்றார்.

"என் வாயில இருந்து ஒரு படம் பேரு வராதுங்க சார்" என்றார் ஜெஸிந்தாக்கா.

திங்கட்கிழமை ஒரு படப் பெயரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. நாங்கள் வேண்டுமென்றே எண்பதுகளைக் கிழித்துத் தொங்கவிட்டோம். அவர் உதட்டை மடித்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தை முறைத்தார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

புதன்கிழமை மூக்கம்மா கெடுத்தார். எங்களில் வயதில் பெரியவர், அதிகம் பேச மாட்டார். அன்று கத்திரியை நிறுத்தாமலே, "எண்பது எண்பதுன்னு குதிக்கிறீங்களே. எண்பதுல நடிச்ச பெரிய ஆளுக எல்லாம் எழுபதுல வந்தவங்கதானே. வந்தது எழுபதுன்னா அவங்க எழுபதுக்குத்தானே சொந்தம்" என்றார்.

ஜெஸிந்தாக்கா கழுத்தில் நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். பிறகு அணை உடைந்தது.

"ஏக்கா, நீங்க பொறந்தது சமவெளியில. கொழுந்து எடுத்தது இங்க. உங்கள எந்த ஊர்க்காரின்னு சொல்றது? வந்த எடமாக்கா முக்கியம், வெளைஞ்ச எடம் முக்கியமா?"

அவ்வளவுதான். எல்லையைப் பார்த்து நிற்க வேண்டியவர் எங்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, எண்பதில் விளைந்தவர்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். நாங்கள் அவரை நோக்கி முன்னேறினோம். அவர் பேசிக்கொண்டே பின்புறமாக நடந்தார். மூடுபனி வேறு. கோபத்தில் கத்திரி பறந்தது. பை நிறைந்தது, கொட்டினோம், மறுபடி நிறைந்தது. இத்தனை சந்தோஷமாக நான் வேலை செய்ததே இல்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் குடை வந்தது. குடைக்குக் கீழே அய்யாவு, பக்கத்து எஸ்டேட் மேஸ்திரி. கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க சொல்றது வாஸ்தவமுங்க. எனக்கும் எண்பதுதானுங்க புடிக்கும்" என்றார். "ஆனா இது எங்க தோட்டமுங்க."

திரும்பிப் பார்த்தோம். சுண்ணாம்பு அடித்த எல்லை மரங்கள் எங்களுக்குப் பின்னால் தூரத்தில் நின்றன. காலையிலிருந்து அடுத்தவன் கொழுந்தை வெட்டித் தள்ளியிருக்கிறோம். மூக்கம்மாதான் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. ஜெஸிந்தாக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பும் அடங்கியது.

விமல் சார் வந்தார். நாங்கள் ஏதேதோ காரணம் சொல்லப் பார்த்தோம். பனி என்றோம், மரம் தெரியவில்லை என்றோம்.

"பனி இல்லீங்க சார். நான் சினிமா பேசிட்டேன்" என்றார் ஜெஸிந்தாக்கா.

சார் வாயைத் திறப்பதற்குள் அய்யாவு முந்திக்கொண்டார். "சார், எங்களுக்கு ஆளு பத்தாம இந்தக் காட்டுக் கொழுந்து முத்திப்போற மாதிரி கெடந்துச்சுங்க. நாங்க ரெண்டு நாள்ல எடுக்கறத இவங்க மத்தியானத்துக்குள்ள எடுத்துட்டாங்க. செடிக்கு ஒரு காயமில்ல. கொழுந்து எங்களுக்குங்க, பதிலுக்கு எங்க ஆளுகள உங்க பக்கம் அனுப்பறேன். இந்த அம்மிணி உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, எங்க தொரைகிட்ட நானே பேசறேன்."

விமல் சார் குவிந்து கிடந்த கொழுந்தைப் பார்த்தார். கையை விட்டு அளைந்து பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"வேண்டாம்னு யாரு சொன்னா?" என்றார்.

மறுநாள் காலை ஜெஸிந்தாக்கா நிரை பிரித்த விதம் இந்த மலை இதுவரை காணாதது. எண்பது கட்சிக்கு மேல் நிரை, தொண்ணூறு கட்சிக்குக் கீழ் நிரை. பேசலாம், கத்தலாம், எந்தப் பக்கம் கொழுந்து அதிகமோ அந்தப் பக்கம் அன்றைக்கு ஜெயித்தது. எழுபதைப் பிடித்துக்கொண்டிருந்த மூக்கம்மாவுக்கு ஓரத்தில் தனி நிரை. ஜெஸிந்தாக்கா எல்லை மரத்தடியில் நின்றார். மேல் நிரை தோற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினார், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை விமல் சார், மேஸ்திரிகளுக்கு மட்டும் கொடுக்கிற கறுப்புக் குடையோடு வந்தார். ஜெஸிந்தாக்கா அதை இரண்டு கையாலும் வாங்கினார். கண் கலங்கிவிட்டது. எங்களுக்கும்தான். சார் கிளம்பப் போனவர், குஷியில் ஒரு வார்த்தை விட்டார்.

"ஆனா எனக்கு என்னமோ, ரெண்டாயிரத்துக்கு அப்புறம் வந்ததுதான் படம். முன்னாடி இருந்ததெல்லாம் நாடகம்."

அத்தனை கத்திரியும் நின்றது. ஜெஸிந்தாக்கா குடையைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"தேவி, சாருக்கு ஒரு கத்திரி எடுத்துக் குடு. அந்த நடு நிரை சும்மாதான கெடக்குது."