ஐந்து நவாப் படங்களும் ஒரு ஸ்டீல் பீரோவும்

திருவனந்தபுரத்தில் பழம்பொருள் பதிவு ஆபீசில் நான் டெக்னிக்கல் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். நூறு வயது தாண்டிய ஓவியங்களைப் பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று சட்டம் வந்திருந்த சமயம். வருகிறவர்கள் எல்லோரும் புதுப் பொருளைக் கொண்டுவந்து பழையது என்று சாதிப்பார்கள். பழையதைக் கொண்டுவந்து புதியது என்று ஒருவர் சாதித்தது ஒரே ஒரு முறைதான்.

அவர் வெளியூர் வியாபாரி. நல்ல வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. ஐந்து சிறிய படங்களை மேஜையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. பக்கவாட்டு முகத்தோடு ரோஜாப்பூ பிடித்த பாதுஷா, பச்சை அங்கி போட்ட இளவரசர், வல்லூறு ஏந்திய நவாப் ஒருவர், முத்துமாலையோடு மஞ்சள் பட்டு உடுத்திய கிழவர், கடைசியாகக் கண்ணாடி பார்க்கும் பேகம். எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்காக வரைந்த நகல்கள், பழம்பொருள் அல்ல என்று ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தால் போதும், கப்பலில் ஏற்றிவிடுவேன் என்றார். பெரிய இடத்துச் சிபாரிசுக் கடிதமும் கையில் இருந்தது.

எங்கள் சூப்பிரண்ட் பணிக்கர் சார் கடிதத்தைப் படித்துவிட்டு ஃபைலை என் பக்கம் தள்ளினார்.

“சிவதாணு, இதுல அதிகம் நோக்கண்டா. ஒப்பு போட்டு விடு.”

அதிகம் பார்க்காமல் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. இளவரசர் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். காகிதத்தின் பின்பக்கம் பளபளவென்றிருந்தது. பழைய ஓவியர்கள் படத்தைக் கவிழ்த்துப்போட்டு, வழவழப்பான கல்லால் முதுகைத் தேய்ப்பார்கள். அதையாவது இன்றைக்கும் செய்யலாம். ஆனால் அங்கி இருந்த இடத்துக்கு நேர் பின்னால், அதே அங்கியின் வடிவத்தில், காகிதம் காப்பி நிறத்தில் கருகியிருந்தது. செம்பிலிருந்து எடுக்கும் பச்சை காகிதத்தை மெல்ல மெல்லத் தின்னும். மறுபக்கம் வந்துசேரப் பல பத்து வருஷம் வேண்டும். ஒரு வாரத்தில் நகல் எழுதுகிறவனால் அதைக் கொண்டுவர முடியாது.

நாளை வரச் சொல்லி வியாபாரியை அனுப்பினேன். படங்கள் ஆபீசிலேயே இருக்கட்டும் என்று ரசீது கொடுத்தேன். அவர் முகம் மாறியது.

பணிக்கர் சாருக்குக் கோபம். நான் ஜன்னலைச் சாத்தி, அல்ட்ரா வயலட் லாம்பைப் போட்டு, கிழவர் படத்தை அதன் கீழே வைத்தேன். அவருடைய பட்டுத் துணி எலுமிச்சம்பழம் மாதிரி ஒளிர்ந்தது. மாட்டு மூத்திரத்திலிருந்து எடுத்த மஞ்சள் மட்டும்தான் அப்படி ஒளிரும். அந்த மஞ்சள் கடைக்கு வருவது நின்று வெகு காலமாகிவிட்டது.

“சார், இது புதுசுன்னு எழுதணும்னா நீங்களே எழுதி ஒப்பு போடுங்க. நான் போடமாட்டேன்.”

அவர் லென்ஸை வாங்கி வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கடிதத்தை மடித்து டிராயரில் வைத்தார். படம் யாரிடமிருந்து வாங்கியது என்று பாரத்தில் ஒரு கட்டம் உண்டு. “கிரேஸ் டீச்சர், வித்துரா” என்று எழுதியிருந்தது. போய் விசாரித்துவிட்டு வா என்றார்.

கிரேஸ் டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். எங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழ்தான் பேசினார். முன்னறையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஸ்டீல் பீரோ ஒன்று நின்றது. படங்களுக்குப் பதிலாக வியாபாரி கொடுத்தது அதுதான். டீச்சரின் அப்பா பொன்முடி எஸ்டேட்டில் தலைமைக் கணக்கராக இருந்தவர். எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்த படங்களை அப்பா சாகும்வரை மல் துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்திருந்தாராம்.

படங்கள் அசல் என்று நான் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, “அப்ப பீரோவ எடுத்துட்டுப் போயிருவாவளா சாரே?” என்றுதான். அது உங்கள் இஷ்டம், படங்கள் மட்டும் கடல் தாண்டாது என்றேன்.

டீச்சர் பீரோவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அந்த ஆளு என்ன சொன்னான் தெரியுமா? துரை உங்கப்பாவ நல்லா ஏமாத்திட்டான், சந்தையில வாங்கின படத்தக் குடுத்து நாப்பது வருசம் காவல் வச்சிட்டான்னான். அதக் கேட்ட பெறவு எனக்கு அந்தப் பெட்டியத் தொறக்கவே மனசு வரல்ல. அதனாலதான் குடுத்தேன். எங்கப்பா ஏமாறல்ல, இல்லியா?”

ஏமாறவில்லை என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை டீச்சர் ஆபீசுக்கு வந்து, நாங்கள் வரவழைத்திருந்த வியாபாரியின் முகத்தைப் பார்த்தே, பீரோவை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். சர்ட்டிபிகேட் இல்லாத படத்தால் தனக்கும் பிரயோஜனமில்லை என்பதால் வியாபாரி தகராறு செய்யவில்லை. ஐந்து படங்களும் டீச்சர் பெயரில் பதிவாயின. பதிவுச்சீட்டில் ஐந்துக்கும் சேர்த்து நான் ஒரே குறிப்பு எழுதி ஒரே ஒப்பு போட்டேன். அன்றைக்கு என்னைப் போல ஒரு நிபுணன் கேரளத்தில் இல்லை என்ற நினைப்போடு ஆரியசாலையில் என் அறைக்கு நடந்துபோனேன்.

இரண்டு வருஷம் கழித்து ஹைதராபாத்திலிருந்து இந்தவகை ஓவியங்களையே படித்த ஒரு அம்மாள் வந்தார். டீச்சரின் படங்களைப் பார்க்க அவரை நானே பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனேன். நான்கு படங்களைத் தலையாட்டி ரசித்தவர், பேகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். அந்தப் படம் கெட்டி அட்டையில் ஒட்டியிருந்ததால் அதன் முதுகை நான் பார்த்திருக்கவில்லை. லாம்பிலும் வைக்கவில்லை. மற்றவை அசல், இதுவும் அசல்தான் என்று விட்டுவிட்டேன். வண்ணத்தின் அடியில், வேறொரு படத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் ஒற்றி எடுத்த கோட்டை அவர் லென்ஸில் காட்டினார். துரைமார்களுக்காகப் பிற்காலத்தில் எழுதிய நகல். நூறு வயது ஆகவில்லை.

ஐந்தில் அழகானது அதுதான். டீச்சருக்குப் பிடித்ததும் அதுதான். தப்பு என்னுடையது என்று அவரிடமே சொன்னேன். என் வேலையில் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்ன வாக்கியம் வேறில்லை.

டீச்சர் பேகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“நாலு அசலு இருக்கு, அப்பாவுக்கு அது போதும். இதுக்கு இனி உங்க சீட்டு வேண்டாம்லா? அப்ப இத நான் பயமில்லாம சொவத்துல மாட்டிக்கிடுவேன்.”

அன்றே ஆணி அடித்து மாட்டினார். நான்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் ஆபீசில் என் பழைய குறிப்பின்மேல் சிவப்பு மையில் திருத்தம் எழுதினேன். பணிக்கர் சார் படித்துவிட்டுப் பக்கத்தில் ஒப்பு போட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மறுக்கும்போது எல்லாவற்றையும் சரிபார்ப்போம், ஏனென்றால் எதிரே ஒருவர் சண்டைக்கு நிற்கிறார். சம்மதிக்கும்போதுதான் கண் சோம்பிவிடும். ஐந்து படம் வந்தால் ஐந்து தடவை பாருங்கள், ஐந்து ஒப்பு போடுங்கள்.