ஜன்னலோரக்காரருக்கு மட்டும் சும்மாவா?

நாற்பது வருஷம் பூட்டு ரிப்பேர் பார்த்தவருக்கு யாரைக் கண்டாலும் சந்தேகம். மகளைப் பார்க்க மனைவியோடு முதல்முறையாக விமானம் ஏறினார். ஒரு மணி நேரப் பயணம்தான். பணிப்பெண் சாப்பாட்டு வண்டியோடு வந்ததுமே, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்மா" என்று முந்திக்கொண்டார்.

முன் சீட்டுக்காரர் ஒரு பன்னுக்குக் காசு கொடுத்துவிட்டு முணுமுணுத்தார். ஜன்னலோரத்தில் இருந்தவருக்கோ காசு வாங்காமலே ஒரு பெட்டி வந்தது.

"அவருக்கு மட்டும் சும்மாவா?" என்று பூட்டுக்காரர் கேட்டார்.

"டிக்கெட்டோடவே பணம் கட்டிட்டாருங்க." பணிப்பெண் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள். "சார், உங்க ரெண்டு பேருக்கும்கூடக் கட்டியிருக்கே!" என்று இரண்டு பெட்டிகளைக் கொடுத்தாள்.

டிக்கெட் எடுத்த மகள் சாப்பாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் மனைவியின் காதருகே குனிந்தார். "தொட்டுடாதே. இறங்கும்போது வாசல்ல நிறுத்திக் காசு கேப்பாங்க."

"கேட்டா உங்களைக் கைகாட்டிடறேன்" என்று மனைவி பெட்டியைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். இவருடைய பெட்டி பிரிக்காமலே மடியில் கிடந்தது. வாசனை வேறு வயிற்றைக் கிள்ளியது.

இறங்கும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே நின்ற மகளிடம், நலம்கூட விசாரிக்காமல், "சாப்பாட்டுக்கு நீயா பணம் கட்டினே?" என்றார்.

"ஆமாப்பா. முன்னாடியே சொன்னா வேண்டாம்னுடுவீங்க."

அவர் பயணப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடியே சாப்பாட்டைப் பிரித்து அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தார்.