பன்னிரண்டு ஹால் டிக்கெட்டுகள்

கையால் செய்தால் அரைமணியில் முடிகிற வேலைக்கு மூன்று மாலைகள் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிற இனம் எங்களுடையது. என் மனைவியும் அவளோடு புத்தூரில் கோச்சிங் போன பதினோரு தோழிகளும் ஆசிரியர் தேர்வு எழுத இருந்தார்கள். ஹால் டிக்கெட் இறக்குவதோடு, தேர்வு நடக்கும் திருப்பதியில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு என்று நானே வாயைக் கொடுத்தேன்.

டவுன்லோடில் தப்பு பலவிதம். இணைப்பு நடுவில் அறுந்தால் மறுபடி கேட்கலாம். சர்வர் திணறினால் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். கோப்பே இல்லையென்றால் எத்தனை முறை கேட்டும் புண்ணியமில்லை. எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் வீட்டு வேலைதானே என்ற இளக்காரம். எந்தத் தப்பு வந்தாலும் மூன்று முறை கேள், கடைசியில் வந்ததைச் சேமி, 'முடிந்தது' என்று எழுது. அவ்வளவுதான் என் புரோகிராம். பன்னிரண்டு பேருக்கும் 'முடிந்தது' என்று வந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"தொறந்து பாத்தியா?" என்றாள் மனைவி.

முதல் கோப்பைத் திறந்து காட்டினேன். மீதியைத் திறப்பது என் படிப்புக்கு அவமானம்.

அவளுக்குத்தான் முதல் நாளே தேர்வு. சென்டருக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்காரர் அவள் கோப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓப்பன் காவட்லேது சார்" என்றார். திறக்கவில்லையாம். வேறு வழியில் திறந்தார். சர்வர் பிஸி, பிறகு வரவும் என்று தெலுங்கில் ஒரு பக்கம். அதைத்தான் அவள் நம்பர் போட்டு பத்திரமாகச் சேமித்திருந்தேன்.

போனில் முயன்றோம். வட்டம் சுற்றியது. டிக்கெட் இறங்கியபோது கேட்டை மூடிவிட்டார்கள். போனை நீட்டிக்கொண்டு ஓடினாள். காவலாளி முடியாதென்று தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு வருடம் படித்தவள்.

திரும்பி வந்து கேட்டாள். "இன்னும் எத்தினி பேருக்கு இப்டி கீது?"

எல்லாவற்றையும் திறந்தேன். நான்கு பேருக்கு. அவர்களுக்கு மறுநாள் தேர்வு.

"போன் போடு. நீயே சொல்லு."

உங்கள் டிக்கெட் இறங்கவில்லை, இப்போதே நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள், முடிந்தது என்று நான் சொன்னது தப்பு என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். மூன்று பேர் பதறினார்கள். நான்காவது பெண் நிதானமாகக் கேட்டுவிட்டு, "பரவால்ல அண்ணா, இன்னிக்கே சொன்னீங்களே. அக்கா நல்லபடியா உள்ள போயிட்டாங்களா?" என்றாள்.

மனைவி என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.