எட்டாவது எலும்பு

செல்லிப்பட்டில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவர் ஒருவர் இருக்கிறார். மெலிந்தவர், வலக்காதில் மட்டும் கடுக்கன். குதிரை நிற்கும்போது அவர் உட்காரமாட்டார்.

அவருடைய பெண்குதிரையை விலைக்குக் கேட்ட இளைஞன், அதன் முன்னங்கால் மூட்டை எக்ஸ்ரே எடுத்து வந்து, படித்தவன் என்று பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் நீட்டினான். அவன் செல்போனில் காட்டிய மாதிரிப் படத்தில் ஏழு எலும்புகள். எக்ஸ்ரேயில் மூன்று முறை எண்ணியும் எட்டு. எட்டாவது பட்டாணி அளவுதான்.

“உடைந்த துண்டு,” என்றேன்.

“இன்னாண்ணே, நொண்டிய எந்தலையில கட்டப் பாக்கறியா?” என்று பக்கத்தில் நின்ற குதிரைக்காரரிடம் கத்தினான் அவன். அந்தப் பேர் பரவினால் எந்த மாப்பிள்ளையும் ஏறமாட்டான்.

குதிரைக்காரர் அசரவில்லை. “முன்னல்லாம் சுழி பாத்துத் தள்ளுவீங்க. இப்ப எக்ஸ்ரேவா? அடுத்த காலயும் படம் புடிடா. உடைஞ்சா ரெண்டு கால்லயும் ஒரே மாதிரியா உடையும்?”

மறுநாள் வந்த படத்திலும் அதே இடத்தில் அதே பட்டாணி. சில குதிரைகளுக்குப் பிறவியிலேயே அப்படி உண்டு என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டாராம். இளைஞன் சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்தான்.

“வுடுறா கயித்த. நொண்டின்னு சொன்னவன் வூட்டுக்கு இவ வரமாட்டா.” என் பக்கம் திரும்பினார். “நீங்களும் கெளம்புங்க வாத்தியாரே.”

ஐந்து வாரமாகிறது. நான் சொன்னது இரண்டே சொல். அவர் இன்னும் எனக்கு முகம் கொடுப்பதில்லை. அதுதான் நியாயம் என்று எனக்கும் படுகிறது.