லா ஷப்பெலிலிருந்து யாகப்பரிடம்

ஸ்பெயினுக்கு சைக்கிளில் கிளம்பிய முதல் காலையே பிரான்சின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பெலில் நிற்கிறேன். கோதுமை வயல், திராட்சைத் தோட்டம், பைன் காடு, மலை எல்லாம் இனிமேல்தான். அதற்கு முன் வாழைப்பழமும் மிக்சரும் வேண்டுமே! காய்கறிக் கடை வாசலில் முருங்கைக்காய் அடுக்கும் சூசை அண்ணை என் பையில் தொங்கும் சிப்பியைப் பார்க்கிறார்.

"என்ன தங்கச்சி, கடலுக்கோ?"

"இல்லண்ணே, ஸ்பெயின்ல இருக்கிற சந்தியாகப்பர் கல்லறைக்கு. யாத்ரீகர்களுக்கு இந்தச் சிப்பிதான் அடையாளம். அந்தக் காலத்துல இந்தத் தெரு வழியாத்தான் நடந்து போனாங்களாம்."

"எங்கட குருநகர் யாகப்பரோ? உந்த றோட்டாலையோ?" முருங்கைக்காய் அவர் கையிலேயே நிற்கிறது.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஜூலை மாதத் திருநாளன்று யாகப்பர் சொரூபத்தைக் கூட்டில் வைத்துத் தோளில் சுமந்து வருவார்களாம். எங்கள் ஊர்ப் பக்கம் அதைச் சப்பரம் என்போம். சின்ன வயதில் மெழுகுதிரியோடு முன்னால் ஓடியதையும், கடற்கரையில் வெடி கொளுத்தியதையும் சொல்லிச் சிரிக்கிறார். பிரான்சில் தங்குவதற்கான அனுமதி அட்டை, அவர் சொல்லில் கார்த், கிடைத்தால் அந்தக் கூட்டைச் சுமப்பதாக நேர்த்தி வைத்திருந்தாராம். கார்த் கிடைத்துவிட்டது, ஆனால் அது அகதிக்குத் தரும் கார்த், அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போகக் கூடாது.

"ஸ்பெயினுக்குப் போகலாமேண்ணே? அங்கயும் யாகப்பருக்கு அதே நாள்தான் திருநாள்."

அவர் தெருவின் தெற்கு முனையையே பார்க்கிறார். பிறகு கடைக்குள் திரும்பி, கடை முதலாளியான அத்தானிடம் லீவு கேட்கிறார்.

"அத்தான், ஜூலையிலை எனக்கு வக்கான்ஸ் வேணும்!"

"எங்கை போகப்போறாய்?" என்கிறது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"எங்கட கோயில் திருநாளுக்கு."