ஐஸ்காரி போட்ட கையெழுத்து

பிஸ்கட் என்றாலே அவளுக்குக் குமட்டும். விருந்தாளியாகப் போன வீட்டில் தட்டை நீட்டினால், "இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்" என்று வாய் கூசாமல் பொய் சொல்வாள். அந்த பிஸ்கட் வெந்து வரும் அடுப்பின் அடிவயிற்றைப் பார்த்தவள் அவள். தொழிற்சாலைகளில் அவளுக்கு ஐஸ்காரி என்று பெயர்.

பதினோரு வருடம் தொழிற்சாலை அடுப்புகளைச் சோடாக் காரத் தண்ணீரும் கம்பி நாருமாகத் தேய்த்துத் தேய்த்து, கை ரேகையே அழிந்துபோன பிறகுதான் ட்ரை ஐஸ் மெஷின் வந்தது. கரியமில வாயுவை உறையவைத்த, அரிசி மணி அளவு ஐஸைக் காற்றோடு சேர்த்துக் குழாயில் அடித்தால், வருடக்கணக்கில் இறுகிய எண்ணெய்ப் பிசுக்கும் வில்லை வில்லையாகப் பெயர்ந்து விழும். ஐஸ் ஆவியாகப் போய்விடும். தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. குழாய் அவள் கையில், காற்றடிக்கும் கம்ப்ரஸர் அவள் கணவன் பொறுப்பில். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அன்று ஒரு பிஸ்கட் கம்பெனியில் ஒன்றாம் நம்பர் அடுப்பு. கரப்பான் பூச்சிகள் எண்ணெயில் பொரிந்து கருகி, பிஸ்கட்டை உள்ளே இழுத்துப்போகும் சங்கிலியோடு சங்கிலியாக ஒட்டிக் கிடந்தன. எலிவால் ஒன்றும் இருந்தது, எலியைக் காணோம். காதை அடைத்து, முகமூடி மாட்டி, இரண்டு மணி நேரம் அடித்தாள். முடித்துத் திரும்பினால், சூப்பர்வைசர் நிறுத்தி வைப்பதாகச் சொன்ன இரண்டாம் நம்பர் வரிசை பக்கத்தில் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் அவள் கட்டிய பிளாஸ்டிக் திரையை யாரோ சுருட்டி மேலே செருகிவிட்டார்கள். வெள்ளை மாவின் மேல் எள் தூவின மாதிரி கறுப்புப் பொடி.

சூப்பர்வைசரைத் தேடிப் பிடித்தாள்.

"என்ன சார் இது? பக்கத்து லைனை நிறுத்தணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"ஏம்மா, ஐஸ் ஆவியாப் போயிடும்னு நீதானே சொன்ன?"

"ஐஸ் போகும் சார். அழுக்கு எங்க போகும்? எல்லாம் உங்க மாவுலதான் கிடக்கு."

"சரி விடு, அடுப்புக்குள்ள போனா எல்லாம் வெந்துடும். சீட்டுல கையெழுத்தைப் போடு."

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நின்றார் மனுஷன்.

'பக்கத்து வரிசை நிறுத்தப்பட்டிருந்ததா?' என்று அந்தச் சீட்டில் ஒரு கட்டம் உண்டு. 'ஆம்' என்று எழுதிய சீட்டு மாடியிலுள்ள சோதனை அறைக்குப் போனால்தான் சரக்கு லாரி ஏறும். ஏறினால், நாளை ஊர்ப் பிள்ளைகள் வாயில். எழுத மறுத்தால் இந்த வாசலை இனி மிதிக்க முடியாது.

"நமக்கெதுக்கு ஊர் வம்பு? நீ போடலைன்னா நான் போடுறேன்" என்றான் கணவன். அவன் கையெழுத்தும் செல்லும். எலிவாலைவிட அவனைப் பார்க்கத்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

விறுவிறுவென்று இரண்டாம் நம்பர் அடுப்பின் மறுமுனைக்குப் போனாள். சூடாக வந்து விழுந்த பிஸ்கட்டுகளில் கறுப்புப் புள்ளி அதிகமுள்ள நான்கைப் பொறுக்கி எடுத்து வந்து நீட்டினாள். கணவன் இரண்டடி பின்வாங்கினான்.

"நீங்க ஒண்ணு தின்னுங்க சார். நானே கையெழுத்துப் போடுறேன்."

மனிதனாகப் பிறந்தவன் தின்னமாட்டான் என்று நம்பித்தான் சொன்னாள். சூப்பர்வைசர் ஊதி ஊதி ஒன்றைத் தின்றார். நாக்கால் பல்லிடுக்கைத் துழாவினார். இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

"நல்லா மொறுமொறுன்னுதான் இருக்கு. போடு."

இத்தனை காலம் அடுப்பைத் திட்டியது தப்பு. அடுப்பு பாவம், அது என்ன செய்யும்.

கணவன் பேனாவை நீட்டினான். சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் அவளுக்கு இல்லை. 'இல்லை. ஓடியது. பூச்சிக் கரி மாவில் விழுந்தது. சூப்பர்வைசர் தின்று பார்த்தார், ருசி பரவாயில்லையாம்' என்று அந்தக் கட்டத்தில் முத்து முத்தாக எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டாள். சீட்டைத் தானே எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கீழே சூப்பர்வைசர் மூன்றாவது பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தார்.