நூல் பந்தும் கம்பளிப் பந்தும்

திருப்பூர் மண்ணரையில் இருந்த அலாவுதீனுக்குப் பூப்பந்து மட்டை கையில் இருந்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். பகலெல்லாம் பனியன் கம்பெனியில் பின்னல் மிஷின் ஓட்டுவான். சாயங்காலம் சங்கு ஊதியதும் முகம்கூடக் கழுவாமல் கம்பெனிக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் வலையைக் கட்டிவிடுவான். "இவரு நிக்கா பண்ணுனது என்னைய இல்லீங்க, அந்த மட்டையத்தான்" என்று அவன் மனைவி அஜீஸுன்னிசா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவன் மறுத்ததே இல்லை.

கட்டிங் மேஜையில் வேலை பார்த்த கந்தவேலும் அதே அணி, அதே வயது. ஆனால் அவன் ஆட்டம் வேறு. பந்து வந்தால் விறகு பிளக்கிற மாதிரி ஒரே போடு. கூட்டம் விசிலடிக்கும். பந்து பாதி நாள் பக்கத்துப் புளியமரத்தில் கிடக்கும், அதை யார் கேட்பது?

அலாவுதீன் அடிப்பதைப் பார்த்தால் கந்தவேலுக்குப் புல்லரித்துவிடும். எதிராளி மட்டையை விட்டுப் பந்து கிளம்பும்போதே இவன் கால் இடம் மாறியிருக்கும். முட்டி லேசாக மடிந்திருக்கும், தலை அசையாது. பந்து பக்கத்தில் வரும்வரை மட்டை சும்மா இருக்கும். அப்புறம் இடுப்பு ஒரு திருப்பு. அவ்வளவுதான், ஆளில்லாத இடமாகப் பார்த்துப் பந்து போய் விழுந்திருக்கும். இது மனுஷன் ஆடுகிற ஆட்டம்தானா என்று கந்தவேல் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான்.

"எப்படீங்க பாய் இது?"

"பந்து வரட்டும்னு நிக்கறேனுங்க. வேறொண்ணுமில்லீங்க."

இதெல்லாம் ஒரு பதிலா என்று கந்தவேலுக்குக் கடுப்பாக வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் கம்பெனிக்கு ஆர்டர் குவிந்தது. சலவை செய்த பனியன் துணியைக் காயப்போட இடம் பற்றவில்லை. முதலாளி லிங்கசாமியின் கண் ஆடுகளத்தில் விழுந்தது. கொடி கட்ட மூங்கிலும் வந்து இறங்கியது. ஆட்டக்காரர்கள் ஐந்து பேரும் அவர் முன்னால் போய் நின்றார்கள்.

"உடுமலைப்பேட்டைப் போட்டியில ஜெயிச்சுட்டு வாங்க, களம் உங்களுது. தோத்தீங்கன்னா மூங்கில் நட்டுருவேன். அப்பறம் எங்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கப்படாது" என்றார் முதலாளி.

அன்றைக்கு மிஷினில் நூல் அறுந்து ஓடியதைக்கூட அலாவுதீன் கவனிக்கவில்லை. அந்தக் களம் போனால் சாயங்காலங்களில் தான் எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வெறிபிடித்த மாதிரி பயிற்சி நடந்தது. பூப்பந்து என்பது மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய பந்து. இவர்கள் அடிக்கிற அடியில் சீக்கிரமே பிய்ந்துவிடும். பிய்ந்தால் என்ன, திருப்பூர்க்காரனுக்கு நூலுக்கா பஞ்சம்? கம்பெனி வேஸ்ட் நூலை மேலே மேலே சுற்றி, மஞ்சள் சாயத்தில் முக்கி, காயவைத்து ஆடினார்கள். வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. பஞ்சு நூல் கம்பளியைவிடக் கனம் என்பது நூலிலேயே பிறந்து வளர்ந்த இந்த மகராசன்களில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

உடுமலையில் எதிரணி ஒரு மில்லின் ஆட்கள். பந்து புத்தம் புதுக் கம்பளி. கந்தவேல் வழக்கம்போல் ஓங்கி ஒன்று போட்டான். பந்து கோட்டைத் தாண்டி, கூட்டத்தையும் தாண்டி, கடலை விற்ற அம்மாளின் கூடையில் விழுந்தது. அடுத்தது மட்டை விளிம்பில் பட்டு வானத்துக்குப் போனது. இவர்கள் சுற்றிய பந்து சர்ரென்று வரும். இதுவோ வலையைத் தாண்டியதும் தயங்கித் தயங்கி வந்தது. பழகிய கை சும்மா இருக்குமா? பந்து வந்து சேரும் முன்னே எல்லாரும் மட்டையை வீசினார்கள், அலாவுதீன் உட்பட. முதல் கேம் போய்விட்டது. முன்வரிசையில் முதலாளி மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

அலாவுதீன் பந்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"நாம சுத்துனது கனமுங்க. இது வெறும் எறகாட்டம் இருக்குது. ஒரு மூச்சு பொறுத்து அடிக்கோணுமுங்க."

"பொறுத்தா கீழ உழுந்துருமுங்க பாய்" என்றான் கந்தவேல்.

"உழுகாதுங்க. கண்ண மட்டும் எடுத்துராதீங்க."

இரண்டாவது கேமில் அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து உடுமலைக்காரர்களே கையைத் தட்டினார்கள். பந்து தரையைத் தொடப்போகிறது, போச்சு என்று எல்லாரும் நினைக்கிற நேரத்தில்தான் மட்டை வரும். மற்ற மூவரும் அவனைப் பார்த்துப் பார்த்துத் தங்கள் கையை அடக்கினார்கள். கந்தவேலுக்கு மட்டும் அது வசப்படவில்லை. அவன் தப்பிய பந்துகளுக்கும் சேர்த்து அலாவுதீனே ஓடினான். அந்தக் கேம் வந்தது. மூன்றாவதிலும் இழுபறிதான். கடைசியில் இவர்கள் ஜெயிக்க ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி.

எதிரணிக்காரன் அலாவுதீனை ஒதுக்கிவிட்டு, வேண்டுமென்றே கந்தவேல் பக்கம் தூக்கி அடித்தான். கந்தவேலின் தோள் துடித்தது. களம் கண்ணுக்குள் வந்தது. ஓங்கி அடித்தால் பந்து வெளியேதான் போகும் என்று அவனுக்கே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பந்தின் மஞ்சள் பிசிறு சுழல்வதுகூடத் தெரிந்தது. இன்னும் நின்றான். கால் தானாக விலகியது, இடுப்பு திரும்பியது. கையில் எதுவும் பட்ட மாதிரியே இல்லை. தவறவிட்டுவிட்டோம் என்றே நினைத்தான்.

எதிரணி ஐந்து பேரும் திரும்பித் தங்களுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து கோட்டுக்கு உள்ளே கிடந்தது.

முதலாளி எழுந்து கணக்குப்பிள்ளையிடம், "அந்த மூங்கில எடுத்துட்டுப்போய் என்ர ஊட்டுக்குப் பின்னால நடச் சொல்லுங்க" என்றார்.

"பாய், இத்தன வருசமா நான் அடிச்சது ஒண்ணுகூட அடியில்லீங்க" என்று கத்திக்கொண்டே கந்தவேல் ஓடினான். அலாவுதீனோ மட்டையை மடியில் போட்டுக்கொண்டு களத்தின் நடுவிலேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளையாட்டம் அழுதுகொண்டிருந்தான்.